ஜிம் ஃப்ளாஹர்ட்டி: சிக்கனக்காரர் என்ற பெயரும் 55.6 பில்லியன் பற்றாக்குறையும்

பனையோலை கேட்டது:

வணக்கம். கனடாவில் 2006 முதல் 2014 வரை நிதியமைச்சராக இருந்த ஜிம் ஃப்ளாஹர்ட்டி பற்றி உயர்வகுப்பு மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு தயாராகிறது. பிறப்பு, படிப்பு, பதவிகள் எல்லாம் எழுதியாகிவிட்டது. அவர் எடுத்த முடிவுகளை ஒன்றோடொன்று பொருத்தப் போனால்தான் இடறுகிறது.

கொன்சர்வேட்டிவ் கட்சியின் கறாரான ஆள் என்கிறார்கள். ஆனால் 2009-10இல் 55.6 பில்லியன் டொலர் பற்றாக்குறை விழுந்ததும் இவர் காலத்தில்தான். 40 வருட மோட்கேஜ் (வீட்டுக்கடன்) வந்ததும் இவர் காலத்தில், அதை 25க்கு இறக்கியதும் இவர். ரி.எஃப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு), ஆர்.டி.எஸ்.பி. (மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புத் திட்டம்) இரண்டுமே இவர் கொண்டுவந்தவையா? இன்றும் மாணவர்களின் வீடுகளில் பயன்படுபவை என்பதால் அவற்றில் எங்கே பிழை விடுகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். முதியோர் ஓய்வூதிய வயதை 67 ஆக்கினார் என்கிறார்களே, அது இப்போது நடைமுறையில் உள்ளதா?

விபரம் தெரிந்தவர்கள் ஆண்டும் எண்ணும் சரியாகச் சொன்னால் பெரிய உதவி.


ஏட்டுக்கணக்கு எழுதியது:

கடைசிக் கேள்வி சின்னது, முதலில் முடித்துவிடலாம். 2012 மார்ச் 29 பட்ஜெட்டில் ஓ.ஏ.எஸ். (முதியோர் ஓய்வூதியம்) வயதை 65இலிருந்து 67க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தார். 2023இல் தொடங்கி 2029இல் முடிவதாக ஏற்பாடு. தொடங்குமுன்னரே 2016இல் லிபரல் அரசு அதை நீக்கிவிட்டது. ஒருவருக்கும் 67 நடைமுறைக்கு வரவில்லை. இன்றும் 65தான்.

இனிப் பற்றாக்குறை. அவருடைய எட்டு ஆண்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றும் விளங்காது. மூன்று கட்டமாகப் பிரியுங்கள்.

முதற்கட்டம் 2006-08. லிபரல்கள் உபரியோடு விட்டுப்போன கஜானா கைக்கு வந்தது. மூன்று நிதியாண்டுகளின் உபரி (2005-06இன் 13.2, 2006-07இன் 13.8, 2007-08இன் 9.6 பில்லியன்) கடனை அடைக்கப் போனது, மொத்தம் ஏறத்தாழ 37 பில்லியன். 2008 மார்ச்சில் மத்திய அரசின் கடன் 457.6 பில்லியன். இதில் முதல் ஆண்டின் பெரும்பகுதி முந்திய அரசின் காலம் என்பதையும் குறிப்பில் சேருங்கள், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்.

அதே காலத்தில் வருமான வழிகளையும் அவரே அடைத்தார். ஜி.எஸ்.ரி. (பொருள், சேவை வரி) 2006 ஜூலை 1இல் 7 சதவீதத்திலிருந்து 6 ஆனது, 2008 ஜனவரி 1இல் 5 ஆனது. 2007 ஒக்டோபர் 30 அறிக்கையில் கம்பனி வரியை 2012க்குள் 15 சதவீதத்துக்கு இறக்கும் அட்டவணை வந்தது: 2008இல் 19.5, பிறகு 19, 18, 16.5, 15. ஜி.எஸ்.ரி.யைத் தொட்டதற்குப் பொருளியலாளர்களில் பெரும்பாலானோர் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நுகர்வு வரியை விட்டுவிட்டு வருமான வரியைக் குறையுங்கள், உழைப்புக்கும் முதலீட்டுக்கும் அதுதான் ஊக்கம் என்றார்கள். நியாயமான வாதம். இவரோ 2006இல் அடிமட்ட வருமான வரி வீதத்தை 15இலிருந்து 15.5க்கு உயர்த்தினார். 2007 ஒக்டோபர் அறிக்கையில்தான், அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து செல்லுபடியாகும்படி, திரும்பவும் 15 ஆக்கினார். கடைப் பற்றுச்சீட்டில் எல்லோருக்கும் தெரியும் வரியைக் குறைப்பது தேர்தல் கணக்கு. பொருளியல் கணக்கு என்று மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் கட்டம் 2008 இலையுதிர் காலத்திலிருந்து. நவம்பர் 27 அறிக்கையில் சிறிய உபரி வரும் என்றார். கூடவே கட்சிகளுக்கு ஒரு வாக்குக்கு 1.95 டொலர் வீதம் கிடைத்துவந்த அரச உதவியை நிறுத்துவதாகவும் சொன்னார். உலகச் சந்தை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் ஊக்கச் செலவு ஒன்றுமில்லை, எதிர்க்கட்சிகளின் பணப்பைக்கு மட்டும் கத்தி. எதிர்க்கட்சிகளான லிபரலும் என்.டி.பி.யும் கூட்டணி ஒப்பந்தம் போட்டன, கியூபெக்கின் புளொக் கட்சி ஆதரவு தந்தது. டிசம்பர் 4இல் ஆளுநர் நாயகம் மிக்கேல் ஜீன் பாராளுமன்றக் கூட்டத்தொடரை இடைநிறுத்தியிருக்காவிட்டால் அரசு கவிழ்ந்திருக்கும். அவருடைய அரசியல் வாழ்வின் மிக மோசமான கணிப்பு இது.

2009 ஜனவரி 27இல் முற்றிலும் வேறு பட்ஜெட்: 33.7 பில்லியன் பற்றாக்குறை என்று மதிப்பிட்டார். ஆண்டு முடிவில் அது 55.6 ஆனது. வரி வருமானம் விழுந்தது, வேலையிழப்புக் காப்புறுதிக் கொடுப்பனவு தானாக ஏறியது, ஜி.எம்., கிறைஸ்லர் நிறுவனங்களுக்கு ஒன்ராறியோவோடு சேர்ந்து உதவி போனது, கட்டுமானச் செலவும் கூடியது.

அவருடைய சிக்கன புத்தியை இந்தச் செலவு செய்த விதத்தில் பார்க்கலாம். நிரந்தரத் திட்டம் எதையும் பெரிதாகத் தொடங்கவில்லை, பெரும்பாலானவற்றுக்கு முடிவுத் திகதி வைத்தார். கட்டுமான ஊக்க நிதி 2011 மார்ச் 31க்குள் முடியவேண்டும் (பிறகு ஒக்டோபர் 31 வரை நீட்டித்தார்). வீடு திருத்த வரிக் கழிவு 2009 ஜனவரி 27க்குப் பின், 2010 பெப்ரவரி 1க்கு முன் செய்த செலவுக்கு மட்டும். செலவில் முதல் 1,000 டொலருக்கு ஒன்றுமில்லை, 1,000க்கு மேல் 10,000 வரை 15 சதவீதம், ஆகக்கூடியது 1,350 டொலர். திகதி முடிந்ததும் செலவு தானாக வற்றிவிடும். பிற்காலத்தில் பற்றாக்குறை இறங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாம் கட்டம் 2010-14, பழைய நிலைக்குத் திரும்புவது. திணைக்களங்களின் நடைமுறைச் செலவை உறையவைத்தார். 2012இல் ஆண்டுக்கு 5.2 பில்லியன் வெட்டு, 19,200 மத்திய அரச வேலைகள் குறைப்பு. 1995இல் லிபரல் நிதியமைச்சர் போல் மார்ட்டின் செய்ததுபோல மாகாணங்களுக்கான நிதியில் கைவைக்கவில்லை. சுகாதார நிதி ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு 2016-17 வரை தொடரும், அதன்பின் பொருளாதார வளர்ச்சியோடு கட்டுவோம், 3க்குக் கீழே போகாது என்று 2011 டிசம்பரில் விக்ரோறியாவில் மாகாண நிதியமைச்சர்களிடம் அறிவித்தார். பேச்சுவார்த்தை என்று வந்தவர்களுக்குக் கையில் கிடைத்தது முடிவு. கடைசி பட்ஜெட் 2014 பெப்ரவரி 11. அந்த மார்ச்சில் நிதியாண்டு முடிந்தபோது கடன் 611.9 பில்லியன்.

ஆக, செலவைச் சுருக்கினாரா கடனை ஏற்றினாரா என்றால் இரண்டும்தான். எந்த ஆண்டில் எது என்று எழுதுங்கள்.


கூரைமுகடு எழுதியது:

மோட்கேஜ் பகுதியை விரிவாக எழுதுகிறேன். ரொறன்ரோவை அடுத்த அஜக்ஸ், விற்பி, மார்க்கம் பக்கம் நம் ஆட்கள் வீடு வாங்கிக் குவித்த ஆண்டுகள் இவை. விற்பி அவருடைய சொந்தத் தொகுதியும்கூட.

முதலில் பொறிமுறை. முற்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவானால் வங்கி அந்தக் கடனுக்குக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். அந்தக் காப்புறுதிக்குப் பின்னால் நிற்பது மத்திய அரசு: அரச வீட்டுக்கடன் காப்புறுதி நிறுவனமான சி.எம்.எச்.சி.க்கு முழு உத்தரவாதம், தனியார் காப்புறுதி நிறுவனங்களுக்கு 90 சதவீதம். எந்தக் கடனுக்கு உத்தரவாதம் தருவேன், எதற்குத் தரமாட்டேன் என்று நிதியமைச்சர் நிபந்தனையை மாற்றினால் போதும், வீட்டுச் சந்தையே திரும்பும். வட்டி மத்திய வங்கியின் கையில், இந்தப் பிடி அமைச்சரின் கையில். அதை அடிக்கடி பிடித்து இழுத்த நிதியமைச்சர் இவர்.

2006 பட்ஜெட்டில் காப்புறுதிச் சந்தையைப் போட்டிக்குத் திறந்துவிட்டார். புதிதாக வந்தவர்களும் சி.எம்.எச்.சி.யும் போட்டிபோட்டு 30, 35, கடைசியில் 40 வருடம் வரை போனார்கள். முற்பணமே இல்லாத கடனும் வந்தது. இது அவருடைய கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

பிறகு நான்கு தடவை இறுக்கினார்.

2008 ஒக்டோபர் 15: ஆகக்கூடியது 35 வருடம், குறைந்தது 5 சதவீத முற்பணம்.

2010 ஏப்ரல் 19: மாறும் வட்டியோ குறுகிய தவணையோ எடுத்தாலும் வங்கிகள் அறிவிக்கும் 5 வருட வட்டியைக் கட்டும் வசதி இருக்கிறது என்று காட்டவேண்டும். தான் குடியிருக்காத முதலீட்டு வீட்டுக்கு 20 சதவீத முற்பணம். மறுகடன் (இருக்கும் வீட்டை வைத்துத் திரும்ப எடுக்கும் கடன்) வீட்டுப் பெறுமதியில் 95இலிருந்து 90 சதவீதம்.

2011 மார்ச் 18: 30 வருடம், மறுகடன் 85. ஏப்ரல் 18 முதல் வீட்டை ஈடுவைத்த சுழற்கடனுக்கு அரச காப்புறுதி இல்லை.

2012 ஜூலை 9: 25 வருடம், மறுகடன் 80. வீட்டுச் செலவு வருமானத்தில் 39 சதவீதத்துக்கும், எல்லாக் கடனும் சேர்த்து 44க்கும் மேல் போகக்கூடாது. ஒரு மில்லியனும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்குக் காப்புறுதியே கிடையாது, அதாவது 20 சதவீதம் கையில் இல்லாமல் வாங்க முடியாது.

ஏன் இறுக்கினார் என்பதை மாணவர்களுக்கு ஒரு கணக்கால் காட்டலாம். 400,000 டொலர் கடன், 5 சதவீத வட்டி, கனடிய முறைப்படி அரையாண்டுக் கூட்டுவட்டி. 40 வருடமானால் மாதம் சுமார் 1,915 டொலர். 25 வருடமானால் சுமார் 2,326. மாதம் 411 டொலர் குறைகிறதே என்று மனம் போகும். மொத்த வட்டி 40 வருடத்தில் சுமார் 519,000, 25 வருடத்தில் சுமார் 298,000. ஏறத்தாழ 221,000 டொலர் வித்தியாசம். அதைவிடப் பெரிய ஆபத்து, 40 வருடக் கடனில் முதல் ஐந்து ஆண்டில் முதல் தொகை மிகக் கொஞ்சமே கரைகிறது. வீட்டு விலை சற்று விழுந்தாலும் கடன் வீட்டைவிடப் பெரிதாகிவிடும். அமெரிக்காவில் நடந்தது கண்முன்னே இருந்தது.

ஒரு கலப்படத்தைத் தவிருங்கள். 500,000க்கு மேற்பட்ட பகுதிக்கு 10 சதவீத முற்பணம் என்பது 2016இல் வந்தது, காப்புறுதியில்லாத கடனுக்கான ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (கூடிய வட்டியிலும் கட்ட முடியுமா என்ற சோதனை) 2018இல் வந்தது. இரண்டும் அவர் போனபின் வந்தவை. அவருடைய ஒரு மில்லியன் எல்லை 2024 டிசம்பர் 15இல் 1.5 மில்லியன் ஆகியது. முதல்முறை வாங்குபவர்களுக்கும் புதுவீட்டுக்கும் 30 வருடமும் அப்போதே திரும்ப வந்தது.

விதி மட்டும் போதாதென்று நேரடியாகவும் தலையிட்டார். 2013 மார்ச்சில் மனுலைஃப் வங்கி 2.89 சதவீதத்துக்கு 5 வருட மோட்கேஜ் அறிவித்தபோது அமைச்சரின் அலுவலகத்திலிருந்து அழைப்புப் போனது, அந்த வீதத்தை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சந்தை தானே பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கையுள்ள கட்சியின் அமைச்சர் செய்தது இது. உங்கள் குறிப்பில் இதற்கு இடம் கொடுங்கள்.


சேமிப்புப்பெட்டி எழுதியது:

ரி.எஃப்.எஸ்.ஏ., ஆர்.டி.எஸ்.பி. இரண்டும் அவருடையவை. முன்னது 2008 பெப்ரவரி 26 பட்ஜெட், 2009 ஜனவரியில் நடைமுறை. பின்னது 2007 பட்ஜெட், 2008 டிசம்பரில் கணக்குத் திறக்க முடிந்தது.

ரி.எஃப்.எஸ்.ஏ. ஆண்டு எல்லை 5,000இல் தொடங்கியது. விலைவாசியோடு கட்டி, 500இன் மடங்காக மட்டும் ஏறும்படி அமைத்தார். அதனால் 2013இல் 5,500. 2015இல் 10,000 ஆக்கியது அவருக்குப்பின் வந்த ஜோ ஒலிவர். 2016இல் திரும்ப 5,500. பிறகு 2019 முதல் 6,000, 2023இல் 6,500, 2024இலும் 2025இலும் 7,000. தொடக்கத்திலிருந்து தகுதியிருந்தவருக்கு 2025 வரை மொத்தம் 102,000.

பிழை விடும் முதல் இடம் அந்த 102,000தான். 18 வயது நிறைந்தும் கனடாவில் வதிவிடமும் இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டுமே பணம் போடும் இடம் சேரும். 2023இல் வந்திறங்கியவருக்கு 2025இல் 6,500 + 7,000 + 7,000 = 20,500 தான். யாரோ சொன்னதைக் கேட்டு 2025 மார்ச்சில் 50,000 போட்டுவிட்டால் மிகை 29,500. அதற்கு மாதம் 1 சதவீதம், 295 டொலர். டிசம்பர் வரை விட்டால் பத்து மாதம், 2,950 டொலர். அடுத்த ஆண்டு ஜூன் 30க்குள் மிகையைத் தெரிவிக்கும் ஆர்.சி.243 படிவம் வேறு. தெரியவந்த நாளிலேயே மிகையை எடுத்துவிடுவதுதான் வழி.

இரண்டாவது, எடுத்த பணத்தை அதே ஆண்டில் திரும்பப் போடுவது. எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1இல்தான் திரும்பும். வங்கி மாறும்போதும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். புதிய வங்கியிடம் நேரடி மாற்றுப் படிவம் கேளுங்கள். சி.ஆர்.ஏ. (மத்திய வரித் திணைக்களம்) இணையக் கணக்கில் தெரியும் எண்ணை ஆண்டின் தொடக்கத்தில் நம்பவேண்டாம், முந்திய ஆண்டு விபரத்தை வங்கிகள் அனுப்பியபின்தான் அது சரியாகும்.

குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு இந்தக் கணக்கு ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தைவிட மேலானது. ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுத்தால் அது வருமானம், வருமானம் குறைந்த முதியோருக்கான ஜி.ஐ.எஸ். உதவி வெட்டுப்படும். இதிலிருந்து எடுப்பது வருமானக் கணக்கில் வராது. அவர் ஏழைக்கும் ஏதோ செய்தார் என்று வாதிடுபவர்களுக்கு இது நல்ல சான்று. எல்லை முழுவதையும் ஆண்டுதோறும் நிரப்பக்கூடியவர்கள் வசதியானவர்களே என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆர்.டி.எஸ்.பி.யில் அவருடைய மனம் தெரியும். அவருக்கும் மனைவி கிறிஸ்டீன் எலியட்டுக்கும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகள், அவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளி. தாய்தகப்பன் போனபின் இந்தப் பிள்ளைக்கு என்ன என்ற கேள்விக்குப் பதில் தேடியே 2006இல் நிபுணர் குழு அமைத்து, அதன் பரிந்துரையை அடுத்த பட்ஜெட்டிலேயே சட்டமாக்கினார்.

வேலை செய்யும் விதம்: முதலில் மாற்றுத்திறன் வரிக் கழிவுக்கு மருத்துவர் நிரப்பும் ரி.2201 படிவம் ஏற்கப்பட வேண்டும். குடும்ப வருமானம் குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் நீங்கள் போடும் முதல் 500க்கு மூன்று மடங்கு (1,500), அடுத்த 1,000க்கு இரண்டு மடங்கு (2,000). அதாவது 1,500 போட்டால் அரசு 3,500 போடும். வருமானம் எல்லைக்கு மேலானால் 1,000க்கு 1,000 மட்டும். ஆயுள் மானியம் 70,000. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு ஒரு சதமும் போடாமலே ஆண்டுக்கு 1,000 வரை, மொத்தம் 20,000. உங்கள் சொந்தப் பங்களிப்பின் ஆயுள் எல்லை 200,000. மானியம் பயனாளிக்கு 49 வயதாகும் ஆண்டின் முடிவு வரை.

கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. பயனாளிக்கு 19 வயதாகும் ஆண்டிலிருந்து பெற்றோரின் வருமானம் கணக்கில்லை, அவருடையதும் துணையினுடையதும்தான். ஆனால் அரசு பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்திய வரிக்கணக்கு. ஆகவே வருமானமே இல்லாவிட்டாலும் 17 வயதிலிருந்து பிள்ளையின் பெயரில் வரிக்கணக்குக் கொடுக்கவேண்டும். பலர் கொடுப்பதில்லை, ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள். இரண்டாவது பத்தாண்டு விதி: கடந்த பத்து ஆண்டுக்குள் வந்த அரச பணம் இருக்கும்போது ஒரு டொலர் எடுத்தால் மூன்று டொலர் வரை திரும்பப் போகும். அவசரத்துக்கு எடுக்கும் கணக்கு இதுவல்ல.


பனையோலை கேட்டது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். 2006 ஒக்டோபர் 31 இன்கம் ட்ரஸ்ட் முடிவை வாக்குறுதி மீறல் என்கிறார்கள், எவ்வளவு சரி? 2014இல் வருமானப் பகிர்வைப் பற்றிச் சொந்தக் கட்சியோடு முரண்பட்டார் என்பதும் உண்மையா?


வடலி எழுதியது:

முதலாவது சந்தேகமில்லாமல் வாக்குறுதி மீறல். 2006 தேர்தலில் இன்கம் ட்ரஸ்டுக்கு வரி போடமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். முதியோர் பலர் அதை நம்பிச் சேமிப்பைப் போட்டார்கள்.

இந்த அமைப்பில் நிறுவனம் தன் இலாபத்தை அலகு வைத்திருப்பவர்களுக்கு நேரே பகிர்ந்துவிடும், கம்பனி வரி கட்டாது. வரியை அலகுக்காரர் கட்டவேண்டும். ஆனால் அவர் ஓய்வூதிய நிதியாகவோ வெளிநாட்டவராகவோ இருந்தால் கஜானாவுக்கு வருவது குறைவு. சிறிய நிறுவனங்களோடு நின்றிருந்தால் விட்டிருப்பார். அந்த ஆண்டு டெலஸ், பி.சி.ஈ. போன்ற தொலைத்தொடர்புப் பூதங்களே மாறப்போவதாக அறிவித்தன. சந்தை மூடியபின் மாலையில் 31.5 சதவீத வரியை அறிவித்தார். ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 2011 வரை அவகாசம். மறுநாள் சந்தையில் பல பில்லியன் டொலர் பெறுமதி கரைந்தது. அதே அறிவிப்பில் ஓய்வூதிய வருமானத்தைத் தம்பதியர் பங்கிட்டு வரி கட்டும் வசதியையும் சேர்த்தது காயத்துக்கு மருந்து. அது இன்றும் இருக்கிறது. வரி அடித்தளத்தைக் காத்த சரியான முடிவு, நம்பியவர்களுக்குச் செய்த துரோகம். இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவதும் உண்மை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள தம்பதியர் வரிக்காக வருமானத்தைப் பகிரலாம் என்பது அன்றைய பிரதமர் ஹார்ப்பரின் 2011 தேர்தல் வாக்குறுதி. 2014 பட்ஜெட்டுக்கு மறுநாள், சமூகம் முழுவதற்கும் இது நன்மையா என்பதில் தனக்குத் தெளிவில்லை, சிலருக்கு நிறையவும் சிலருக்கு ஒன்றுமில்லாமலும் போகும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். ஒருவர் உழைத்து மற்றவர் வீட்டிலிருக்கும் உயர்வருமானக் குடும்பத்துக்கே ஆதாயம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும் ஒரே அளவு உழைக்கும் தம்பதியருக்கும் எதுவுமில்லை. மார்ச் 18இல் பதவி விலகினார், ஏப்ரல் 10இல் ஒட்டாவாவில் காலமானார், வயது 64. அந்த ஒக்டோபரில் அரசு திட்டத்தைக் கொண்டுவந்தபோது சலுகைக்கு 2,000 டொலர் உச்சவரம்பு போட்டது. 2016இல் லிபரல்கள் நீக்கினார்கள்.

ஒன்ராறியோ காலத்தையும் விட்டுவிடாதீர்கள். 2001-02இல் மாகாண நிதியமைச்சராக இருந்து தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு வரிக் கழிவு கொண்டுவந்தார். 2002 மாகாணக் கட்சித் தலைமைப் போட்டியில் தெருவில் படுப்பதையே சட்டவிரோதமாக்குவேன் என்று நின்று ஏர்னி ஈவ்ஸிடம் தோற்றார். அந்த ஆளையும் 2007இல் ஆர்.டி.எஸ்.பி. தந்த ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழு உருவம் வரும்.

வகுப்பில் சொல்ல இரண்டு சின்ன விடயம். பட்ஜெட் நாளில் நிதியமைச்சர் புதுச் சப்பாத்துப் போடுவது அங்கே வழக்கம். 2008இல் இவர் பழைய சப்பாத்துக்குப் புது அடி போட்டுக்கொண்டு வந்தார். மற்றது ஒரு சதக் குற்றி: செய்ய 1.6 சதம் செலவாகிறது என்று 2012இல் நிறுத்தினார், விநியோகம் 2013 பெப்ரவரி 4இல் நின்றது. காசாகக் கொடுத்தால் மட்டும், வரி சேர்த்த கடைசித் தொகையை மட்டும் முழுமையாக்குவார்கள்: 1, 2 கீழே 0க்கு, 3, 4 மேலே 5க்கு, 6, 7 கீழே 5க்கு, 8, 9 மேலே 10க்கு. அட்டையில் கட்டினால் சதம் சதமாகவே போகும்.